ப்ரோஆக்டிவ்னா உண்மையில என்ன அர்த்தம், தினசரி பேச்சுல எப்டி யூஸ் பண்றது: முழுமையான வழிகாட்டி

"யூ நீட் டு பி மோர் ப்ரோஆக்டிவ்."

வேலைக்கு சேர்ந்த முதல் வருஷம் என்னோட அப்ரைசல்ல எழுதியிருந்த ஒரே குறை இது தான். உள்ள ஆக்டிவ்னு இருக்கே, அப்போ இன்னும் சுறுசுறுப்பா இருக்கணும்னு சொல்றாங்க போலன்னு நானே ஒரு அர்த்தம் பண்ணிக்கிட்டு அடுத்த ஒரு வருஷம் முழுக்க மெயில் வந்த அஞ்சாவது நிமிஷம் பதில், ராத்திரி போன் அடிச்சாலும் எடுக்கறது, குடுத்த வேலைய டெட்லைனுக்கு முன்னாடி முடிக்கறதுன்னு ஓடு ஓடுன்னு ஓடினேன். அடுத்த அப்ரைசல் வந்துச்சு, அதே வரி. மனசு விட்டுப் போச்சு. நேரா மேனேஜர்கிட்ட போய் கேட்டுட்டேன், என்ன தான் சார் எதிர்பாக்கறீங்கன்னு. அவர் சொன்னது இன்னிக்கும் ஞாபகம் இருக்கு: "கேட்டா உடனே குடுக்கற. ஆனா கேக்கற வரைக்கும் குடுக்க மாட்டேங்கறியே."

அந்த ஒரு வரில தான் எனக்கு இந்த வார்த்தை புரிஞ்சுது. ஒரு வருஷ உழைப்பு ஒரு வார்த்தைய தப்பா புரிஞ்சுக்கிட்டதால வீணா போச்சேன்னு வருத்தம் இருந்துச்சு, அதனால தான் இத இவ்ளோ விரிவா எழுதறேன். வரிசையா படிங்க, ஒவ்வொரு ஸ்டெப்பும் முந்தினதுல இருந்து தான் வருது.

ஸ்டெப் 1: வார்த்தைய ரெண்டா பிரிங்க

ப்ரோ + ஆக்டிவ். இங்க வர்ற ப்ரோ, ப்ரோ ப்ளேயர்னு சொல்றோமே அந்த ப்ரோ கிடையாது, அது ப்ரொஃபஷனலோட சுருக்கம். ஒரு கட்சிக்கு ஆதரவா இருக்கறவங்கள ப்ரோன்னு சேத்து சொல்றாங்களே அதுவும் கிடையாது. இதுக்கு அர்த்தம் "முன்னாடி". கதைக்கு முன்னாடி வர்றது ப்ரோலாக், நோய் எப்டி போகும்னு டாக்டர் முன்கூட்டியே கணிச்சு சொல்றது ப்ரோக்னோசிஸ், அதே ப்ரோ தான் இதுவும். ஆக்டிவ்னா செயல்ல இருக்கறது. அப்போ ப்ரோஆக்டிவ்னா விஷயம் நடக்கறதுக்கு முன்னாடியே செயல்ல இறங்கறது.

இதுக்கு எதிர்ச்சொல் லேஸி இல்லங்க, ரியாக்டிவ். இத நல்லா பிடிச்சுக்கோங்க. ரியாக்டிவா இருக்கற ஆள் பயங்கர சுறுசுறுப்பா இருக்கலாம், நான் ஒரு வருஷம் அப்டி தான் இருந்தேன். ஒண்ணு நடந்தா அதுக்கு அப்புறம் அசையறது ரியாக்டிவ், எவ்ளோ வேகமா அசைஞ்சாலும் சரி.

இந்த வார்த்தை முதல்ல ஆபீஸ்ல பிறக்கல, 1930கள்ல உளவியல் ஆராய்ச்சில ஞாபகசக்தி பத்தி எழுதும்போது வந்துச்சு. முன்னாடி கத்துக்கிட்டது பின்னாடி கத்துக்கறத போய் தடுக்கறத ப்ரோஆக்டிவ் இன்டர்ஃபியரன்ஸ்னு இன்னிக்கும் சொல்றாங்க. நேத்து பாஸ்வேர்ட் மாத்தியிருப்பீங்க, காலைல லாகின் பண்ண உக்காந்தா விரல் தானா பழைய பாஸ்வேர்டையே அடிக்கும், சிவப்பு எழுத்துல தப்புன்னு வரும், மறுபடியும் அடிச்சா மறுபடியும் பழசு தான் வரும். அது தான் இது. பழசு முன்னோக்கி வந்து புதுச கெடுக்குது. இதுக்கு தலைகீழா புதுசா கத்துக்கிட்டது பழச மறக்கடிச்சா அது ரெட்ரோஆக்டிவ். ஆக அந்தக் காலத்துல இதுக்கு நல்ல குணம்ங்கற அர்த்தமே கிடையாது, முன்னோக்கி வேலை செய்யறது, அவ்ளோ தான். அப்புறம் மெல்ல மேனேஜ்மென்ட் பக்கம் வந்துச்சு. 1989ல ஸ்டீஃபன் கோவி எழுதி உலகம் பூரா வித்த செவன் ஹேபிட்ஸ் புத்தகத்துல முதல் பழக்கமே ப்ரோஆக்டிவா இருன்னு தான் இருக்கு. ஆபீஸ் பேச்சுல இது இவ்ளோ பரவினதுக்கு அந்த புத்தகத்துக்கு பெரிய பங்கு உண்டு. அவர் அதுல கொஞ்சம் வேற சாயலும் சேத்துட்டார், சூழ்நிலை மேல பழி போடாம என் பதில் செயல் என் கைல இருக்குன்னு பொறுப்பெடுக்கறது. அதனால சில ட்ரெயினிங்ல இந்த அர்த்தத்துல சொல்வாங்க, குழம்பிக்க வேணாம்.

ஸ்டெப் 2: தமிழ்ல ஏற்கனவே இருக்கற "வை"ய கண்டுபிடிங்க

எனக்கு ரொம்ப பிடிச்ச ஸ்டெப் இது.

அகராதில தேடினா முன்கூட்டியே செயல்படும், முன்முனைப்பான, முன்னெச்சரிக்கையான இப்டியெல்லாம் வரும். முன்னெச்சரிக்கைய மட்டும் தயவுசெஞ்சு மனப்பாடம் பண்ணாதீங்க, ஏன்னா அது கெட்டது வரப்போகுதுன்னு பயந்து செய்யறது, ஆங்கிலத்துல அதுக்கு ப்ரிகாஷன்னு தனி வார்த்தையே இருக்கு. ப்ரோஆக்டிவ்ங்கறது நல்லதுக்கும் பொருந்தும். அடுத்த வருஷம் ஒரு புது டீம் ஆரம்பிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு இப்பவே அதுக்கு வேண்டிய டூல கத்துக்கறது ப்ரோஆக்டிவ், அதுல என்ன எச்சரிக்கை இருக்கு?

சரி அப்போ தமிழ்ல எப்டி தான் சொல்றது? நாம தினமும் சொல்லிக்கிட்டு தான் இருக்கோம், கவனிக்கல. இந்த ரெண்டு வரியையும் சத்தமா சொல்லிப் பாருங்க:

"அவர்கிட்ட சொல்லிட்டேன்."
"அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

முதல் வரில வேலை முடிஞ்சுது. ரெண்டாவதுல பின்னாடி உதவும்னு நினைச்சு இப்பவே செஞ்சிருக்கேன்னு ஒரு கூடுதல் அர்த்தம் வந்து உக்காந்துருச்சு பாருங்க. அந்த வேலைய செய்யறது "வை"ங்கற குட்டி துணைவினை. வாங்கி வெச்சேன், எழுதி வெச்சேன், கேட்டு வெச்சேன், எடுத்து வெச்சேன், எல்லாத்துலயும் "வரப்போற நேரத்துக்காக இப்பவே" இருக்கு. ஆங்கிலத்துல இதுக்கு ஒரு வார்த்தையே உருவாக்க வேண்டி இருந்துச்சு, நம்ம வினைச்சொல் வால்லயே அது ஒட்டிக்கிட்டு இருக்கு. (உளறி வெக்காத, எதையாவது செஞ்சு வெக்காதன்னு திட்டும்போதும் இதே "வை" வரும், அங்கயும் பின்னாடி விளைவு நிக்கும்ங்கற பயம் தான், கெட்ட பக்கமா திரும்பிடுச்சு அவ்ளோ தான்.)

ஆனா "வை" பாதி தான். செஞ்சு வெக்க சொல்லி இன்னொருத்தர் நமக்கு ஆர்டர் போடலாம் இல்லயா? "நாளைக்கு மீட்டிங், பிரின்ட் எடுத்து வெச்சிடு"ன்னு சொன்னதும் எடுத்து வெச்சா அது சொன்னத செய்யறது. அதுகூட "நானாவே" சேரணும். நானாவே பிரின்ட் எடுத்து வெச்சிருந்தேன். இப்ப இது ப்ரோஆக்டிவ்.

நானாவே + வெச்சேன். இந்த ரெண்டும் சேந்து உக்காந்தா ப்ரோஆக்டிவ். ஒண்ணு போனாலும் வேற வார்த்தை தேவை.

வள்ளுவர்கிட்ட இது எப்பவோ இருக்கு, 429வது குறள்ல "எதிரதாக் காக்கும் அறிவினார்"னு ஒரு தொடர் வருது, வரப்போறத முன்னாடியே அறிஞ்சு காக்கற அறிவு உள்ளவங்க. அந்தக் குறள் நிக்கற அதிகாரம் அறிவுடைமை. ஊக்கம், முயற்சின்னு வேற அதிகாரம் இருந்தும் இத அறிவு பக்கம் கொண்டு போய் வெச்சிருக்கார், எனக்கு இது பெரிய விஷயமா படுது. சுறுசுறுப்பு கணக்குல இது வராதுன்னு ஒரு வருஷம் ஓடி கத்துக்கிட்டவன் நான்.

ஸ்டெப் 3: ரெண்டு கேள்வி கேளுங்க

எந்த சம்பவத்துக்கும் ப்ரோஆக்டிவ்னு சொல்லலாமான்னு சந்தேகம் வந்தா, ஒண்ணு, யாராச்சும் செய்ய சொன்னாங்களா? ரெண்டு, விஷயம் ஏற்கனவே நடந்துருச்சா? ரெண்டுக்கும் "இல்ல"ன்னு வந்தா தைரியமா சொல்லலாம்.

வீட்ல நடக்கற ஒண்ண எடுத்துக்கோங்க. அம்மாக்கு தினமும் காலைல ஒரு பிரஷர் மாத்திரை. நீங்க தண்ணி குடிக்க போனப்போ அட்டை கண்ணுல படுது, பத்து குழில ஆறு பிதுங்கி காலியா இருக்கு, நாலு தான் மிச்சம், நடுவுல லீவு நாள் வேற வருது. யாரும் ஒண்ணும் கேக்கல. நீங்களா போய் அடுத்த அட்டை வாங்கி அதே டப்பால வெச்சிட்டீங்க. ரெண்டு கேள்விக்கும் இல்ல. ப்ரோஆக்டிவ்.

அதே அட்டை, அம்மா "நாலு தான் இருக்கு, வாங்கிட்டு வந்துடு"ன்னு சொல்லி வாங்கினா வேலை முன்கூட்டியே தான் நடந்திருக்கு, ஆனா சொல்லி நடந்துச்சு. யாராச்சும் ப்ரோஆக்டிவ்னா அது அம்மா தான்! மாத்திரை தீந்து போச்சு, யாரும் சொல்லல, நீங்களா தெரிஞ்சு ராத்திரி பதினொரு மணிக்கு ஓடி திறந்திருக்கற கடைய தேடி வாங்கினீங்க, இதுக்கு இனிஷியேட்டிவ்னு சொல்லுங்க, அக்கறைன்னு சொல்லுங்க, எல்லாம் சரி, ஆனா ப்ரோஆக்டிவ் ஆகாது. தீந்து போய் அம்மா சத்தம் போட்டு அப்புறம் வாங்கினா முழு ரியாக்டிவ்.

இங்க ஒரு கஷ்டம் இருக்கு, சொல்லியே ஆகணும். இந்த நாலுல வெளில ஹீரோவா தெரியறது ராத்திரி பதினொரு மணிக்கு ஓடினவர் தான். முதல்லயே வாங்கி வெச்சவர் செஞ்சது யாருக்கும் தெரியாது, ஏன்னா ஒண்ணுமே நடக்கல. ஆபீஸ்லயும் அப்டியே தான், தீயை அணைச்சவருக்கு கைத்தட்டல், தீ பிடிக்காம பாத்துக்கிட்டவர ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க. உங்க டீம்ல அப்டி ஒருத்தர் இருந்தா பேர் சொல்லி பாராட்டுங்க ப்ளீஸ், அவங்களுக்கு அது ரொம்ப அபூர்வமா தான் கிடைக்கும்.

ஸ்டெப் 4: சொந்தக்கார வார்த்தைங்க கூட குழப்பிக்காதீங்க

இனிஷியேட்டிவ்: ஆரம்பம்னு அர்த்தம் வர்ற லத்தீன் வார்த்தைல இருந்து வந்தது. முதல் அடி எடுத்து வெக்கறது, "நானாவே" இருக்கும், "முன்னாடியே" கட்டாயம் இல்ல. இது பெயர்ச்சொல், அதனால டேக் த இனிஷியேட்டிவ்னு வரும். ப்ரோஆக்டிவ் பெயரடை, அதனால பி ப்ரோஆக்டிவ்னு வரும். டேக் ப்ரோஆக்டிவ்னு சொன்னா தப்பு.

ப்ரிவென்டிவ்: வராம தடுக்கறது. "முன்னாடியே" இருக்கும், "நானாவே" கட்டாயம் இல்ல. மெஷினுக்கு அட்டவணை போட்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆயில் விடறது ப்ரிவென்டிவ் மெயின்டனன்ஸ், செய்யறவர் ப்ரோஆக்டிவா இல்லாட்டியும் அது ப்ரிவென்டிவ் தான்.

ப்ரிஎம்ப்டிவ்: எதிராளி ஒரு அடி எடுத்து வெக்கறதுக்கு முன்னாடி நாம முந்திக்கறது. அடியில இருக்கற லத்தீன் அர்த்தமே மத்தவங்களுக்கு முன்னாடி வாங்கிடறது தான். போட்டி, சண்டை வாடை அடிக்கற வார்த்தை. மாத்திரை வாங்கினதுக்கு ப்ரிஎம்ப்டிவ்னு சொன்னா கேக்கறவங்க முழிப்பாங்க.

ரெஸ்பான்சிவ்: இது தான் நான் ஒரு வருஷம் இருந்தது. கேட்ட உடனே பதில் வரும். அதுவும் நல்ல குணம், குறைச்சு சொல்லவே மாட்டேன், ஆனா அதுக்கு அந்தப் பேர் சொல்லுங்க.

ஸ்டெப் 5: உச்சரிப்பு, இலக்கணம்

ப்ரோ-ஆக்-டிவ், மூணு அசை, அழுத்தம் நடுவுல இருக்கற ஆக் மேல. ப்ரோவ அழுத்தி சொன்னா ப்ரோ தனியா தொங்கும். எழுதும்போது நடுவுல கோடு போட்டும் சில பேர் எழுதுவாங்க, தப்பில்ல, இப்பல்லாம் சேத்து எழுதறது தான் வழக்கம். முகப்பரு க்ரீம் ஒண்ணு இதே பேர்ல இருக்கு, அதுல கடைசி எழுத்த விட்டுட்டு எழுதுவாங்க, அத பாத்து ஸ்பெல்லிங் பழகிடாதீங்க.

ப்ரோஆக்டிவ்லின்னா வினையடை. பெயர்ச்சொல்லுக்கு ப்ரோஆக்டிவிட்டி, ப்ரோஆக்டிவ்னெஸ் ரெண்டும் ஓகே. வினைச்சொல்லா "ஐ வில் ப்ரோஆக்டிவ் இட்"னு சொல்றது இல்லவே இல்ல. கூட சேர்ற குட்டி வார்த்தை அபவுட் இல்லன்னா இன்: "பி ப்ரோஆக்டிவ் அபவுட் யுவர் ஹெல்த்", "ஷி வாஸ் ப்ரோஆக்டிவ் இன் ஃபிக்சிங் த ப்ராசஸ்". அடிக்கடி ஒட்டிக்கிட்டு வர்ற ஜோடிங்க அப்ரோச், ஸ்டெப்ஸ், மெஷர்ஸ், ரோல். "டேக் ப்ரோஆக்டிவ் ஸ்டெப்ஸ்", "அ மோர் ப்ரோஆக்டிவ் அப்ரோச்", இதுல முதல்ல வர்ற அ-வ முழுங்கிடாதீங்க.

ஸ்டெப் 6: இடம் பாத்து யூஸ் பண்ணுங்க

ஆபீஸ் மெயில்ல: "ஐ வான்டட் டு ப்ரோஆக்டிவ்லி லெட் யூ நோ தட் த டெலிவரி மே ஸ்லிப் பை டூ டேஸ்." இங்க சரி, ஏன்னா இன்னும் தள்ளிப் போகல, அவங்களும் கேக்கல. ஆனா கூட வேலை செய்யறவங்களுக்கு எழுதும்போது இவ்ளோ விறைப்பா வேணாம், "ஜஸ்ட் அ ஹெட்ஸ் அப், த டெலிவரி மே ஸ்லிப்"னு எழுதினா அதே விஷயம் சகஜமா போய் சேரும். என்னோட கருத்து, செய்யறது ப்ரோஆக்டிவா இருந்தா அந்த வார்த்தைய எழுதவே தேவை இல்ல. அடுத்தவங்கள பத்தி சொல்லும்போது தான் இது அழகு: "தேங்க்ஸ் ஃபார் பீயிங் ப்ரோஆக்டிவ் அபவுட் திஸ்". இத ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாருங்க, முகம் மலரும்.

ஐடில இருக்கறவங்க ப்ரோஆக்டிவ் மானிட்டரிங்னு கேட்டிருப்பீங்க. சர்வர்ல டிஸ்க் 80 சதவீதம் நிறைஞ்ச உடனே அலர்ட் வர்ற மாதிரி செட் பண்ணி வெக்கறது அது. 100 ஆகி சர்வர் படுத்து, கஸ்டமர் போன் பண்ணி, அப்புறம் லாக் ஃபைல அழிக்கறது ரியாக்டிவ். அரசு பக்கம் பாத்தா தகவல் உரிமை சம்பந்தமா ப்ரோஆக்டிவ் டிஸ்க்ளோஷர்னு ஒரு சொல் இருக்கு, யாரும் மனு போட்டு கேக்கறதுக்கு முன்னாடி அலுவலகமே தன்னோட தகவல வெளியிட்டு வெக்கறது. பாருங்க, நானாவே, வெச்சேன், ரெண்டும் அச்சு பிசகாம இருக்கு.

இன்டர்வியூல தான் இந்த வார்த்தை ரொம்ப பாடு படுது. "ஐ ஆம் அ ஹார்ட்வொர்க்கிங் அண்ட் ப்ரோஆக்டிவ் பர்சன்"னு எல்லாருமே சொல்றாங்க, கேக்கறவங்க காதுல அது விழறதே இல்ல. அதுக்கு பதிலா ஒரு சம்பவத்த நாலு படியா சொல்லுங்க: என்ன கண்ணுல பட்டுச்சு, யாரும் சொல்லல, நான் என்ன செஞ்சு வெச்சேன், அப்புறம் என்ன ஆச்சு. நான் சொல்றது இது தான்:

"ஐ நோட்டீஸ்ட் தட் ஒன்லி ஒன் பர்சன் இன் அவர் டீம் நியூ ஹவ் டு ரன் த மந்த்லி ரிப்போர்ட். நோபடி ஆஸ்க்ட் மீ டு, பட் ஐ ஸாட் டவுன் வித் ஹிம், ரோட் டவுன் த ஸ்டெப்ஸ் அண்ட் ரேன் இட் ஒன்ஸ் மைசெல்ஃப். வென் ஹி வென்ட் ஆன் லீவ், த ரிப்போர்ட் ஸ்டில் வென்ட் அவுட் ஆன் டைம்."

இதுல ப்ரோஆக்டிவ்ங்கற வார்த்தையே இல்ல, கவனிச்சீங்களா? நோபடி ஆஸ்க்ட் மீ டு-ங்கற இடத்துல கொஞ்சம் நிறுத்தி சொல்லுங்க, மொத்த கனமும் அங்க தான். அவங்களே பேப்பர்ல ப்ரோஆக்டிவ்னு எழுதிக்குவாங்க.

ஸ்டெப் 7: எங்க சொல்லக் கூடாது

"ஐ ப்ரோஆக்டிவ்லி ரிப்ளைட் டு யுவர் மெயில்." மெயில் வந்தாச்சு, பதில்னாலே அது ரியாக்‌ஷன் தான். ப்ராம்ப்ட்லின்னு சொல்லுங்க.

கஷ்டத்துல இருக்கறவங்ககிட்ட "யூ ஷுட் ஹேவ் பீன் மோர் ப்ரோஆக்டிவ்"னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. நடந்து முடிஞ்சதுக்கு முன்கூட்டி செய்யற வார்த்தைய கொண்டு போய் சொன்னா அந்த நேரத்துல அவங்களுக்கு செய்ய ஒண்ணும் இருக்காது, காயம் மட்டும் தான் மிஞ்சும். அப்ரைசல்ல எழுதறவங்களுக்கும் சேத்து சொல்றேன், வெறும் ப்ரோஆக்டிவா இருன்னு எழுதாதீங்க, "ரிப்போர்ட் தாமதமாகும்னு தெரிஞ்ச அன்னிக்கே எனக்கு சொல்லிடு"ன்னு எழுதுங்க, ஒரு ஆளோட ஒரு வருஷம் மிச்சமாகும்.

அடுத்தவங்க வேலைல கேக்காம கை வெச்சுட்டு நான் ப்ரோஆக்டிவ்னு சொல்றதும் ஒத்து வராது. மேல சொன்ன ரிப்போர்ட் கதைல நான் அவர்கிட்ட உக்காந்து கேட்டு கத்துக்கிட்டேன், அவருக்கு தெரியாம அவர் ஃபைல மாத்தி வெச்சிருந்தா அது வேற கதை ஆயிருக்கும்.

ஸ்டெப் 8: நீங்களே சொல்லிப் பாருங்க

இந்த மூணுல எது ப்ரோஆக்டிவ்னு முதல்ல நீங்க முடிவு பண்ணிட்டு கீழ பாருங்க. (அ) போன்ல ஸ்டோரேஜ் ஃபுல்னு மெசேஜ் வந்ததும் பழைய வீடியோவெல்லாம் அழிச்சீங்க. (ஆ) பயணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி நீங்களா எல்லாரோட ஐடி ப்ரூஃபையும் ஸ்கேன் பண்ணி குடும்ப க்ரூப்ல போட்டு வெச்சீங்க. (இ) மேனேஜர் எல்லாருக்கும் "ரிஸ்க் ஏதாவது தெரிஞ்சா இந்த ஷீட்ல போடுங்க"ன்னு சொல்லியிருந்தார், நீங்க யாரும் யோசிக்காத ஒரு ரிஸ்க்க கண்டுபிடிச்சு போட்டீங்க.

(அ) ரியாக்டிவ், மெசேஜ் வந்த அப்புறம் தான் அசைஞ்சிருக்கீங்க. (ஆ) சந்தேகமே இல்லாம ப்ரோஆக்டிவ். (இ) தான் நிறைய பேர் சண்டை போடற இடம். ஷீட்ல போட சொன்னாரே, அப்போ சொல்லி செஞ்சது தானேன்னு கேப்பாங்க. அவர் சொன்னது ஷீட்ல போட, அந்த ரிஸ்க்க தேட சொல்லல. அத யோசிச்சு கண்டுபிடிச்சது நீங்களா தான், அது இன்னும் நடக்கவும் இல்ல. அதனால நான் இத ப்ரோஆக்டிவ் பக்கம் தான் வெப்பேன்.